அக்காவும் அண்ணியும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை அச்சடித்து, நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் கையில் கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்கா அரியமங்கலத்தில் பிறந்தார். அப்பா பட்டறைத் தொழிலாளி. பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேடம் கட்டிய நாளிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. எழுபதுகளில் திருச்சியைச் சுற்றி எந்தத் திருவிழா நாடகம் என்றாலும் ராஜபார்ட் அக்காதான். மீசை வைத்து, வாள் பிடித்து நின்றால் ஆண்களே வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அவருக்கு ஜோடியாக நடித்தவர்தான் அண்ணி. மேடையில் அக்கா அண்ணிக்கு மாலை போடும்போதெல்லாம் ஊரே அட்சதை தூவியது. இருவரும் ஸ்ரீரங்கத்தில் குடித்தனம் வைத்ததும் அதே ஊர் முகம் சுளித்தது. நாடகம் பார்க்க மட்டும் தவறாமல் வந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எடமலைப்பட்டி புதூரில் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ ஆசைப்பட்டார்கள். ஒருத்தியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டார்கள். அன்று மன்னார்புரத்தில் நாடகம். அக்கா வேடத்தோடு மைக் முன்னால் வந்தார்.

“மேடையில நான் இவளுக்கு மாலை போட்டா கை தட்டுறீங்க. வீட்டுலயும் நாங்க அப்படித்தான் இருக்கோம். அது நடிப்பு இல்லீங்க. அந்தப் புள்ளையத் திறந்து விடுங்க!”

மறுநாள் அந்த வீட்டு வாசலிலேயே போய் உட்கார்ந்தார். கதவு திறக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு இப்படித் தவித்த பெண்கள் எங்கெங்கிருந்தோ அக்காவைத் தேடி வந்தார்கள். நாடக வாய்ப்புகள்தான் வரவில்லை. வீட்டுக்காரரும் காலி செய்யச் சொன்னார். அக்கா அசரவில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

தொண்டையில் நோய் வந்து அக்காவின் குரல் போனபோது, கஞ்சி ஊட்டிக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர் அண்ணி ஒருவரே. கருமாதியன்று, கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிப் புடவை போடுவார்கள் அல்லவா? அண்ணியின் அண்ணன்மார் வந்தார்கள், பந்தியில் உட்கார்ந்தார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கோடி போடவில்லை.

மலருக்கு எழுத உட்கார்ந்தபோது பெரியப்பா சண்டைக்கு வந்தார்.

“அக்கா கூட இருந்தவ எப்படிடா அண்ணி ஆவா? தோழின்னு போடு.”

“நீங்களும்தானே பெரியப்பா முன்வரிசையில நின்னு அட்சதை போட்டீங்க?” என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அட்டைக்கு அக்காவின் மீசைப் படத்தைக் கொடுத்திருந்தேன். அச்சுக் கோப்பவர் அந்தப் படத்தைப் பார்த்தார், ‘அண்ணி’ என்ற சொல்லைப் பார்த்தார், நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டார். ‘அக்கா’ வந்த இடமெல்லாம் ‘அண்ணன்’ என்று கோத்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு அந்தப் புரூஃபை அண்ணியிடம் காட்டினேன். அண்ணி முழுவதும் படித்துவிட்டுச் சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

“அப்படியே விட்டுடுங்க தம்பி,” என்றார். “அண்ணன்னு இருந்திருந்தா எனக்கு ஒரு கோடியாவது கிடைச்சிருக்கும்.”

நான் எல்லா இடத்திலும் மறுபடி ‘அக்கா’ என்றே திருத்திக் கொடுத்தேன்.

துக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் நன்றி. அண்ணியைச் சிரிக்க வைத்த அச்சுக் கோப்பவருக்குத் தனியாக நன்றி. அண்ணியின் அண்ணன்மார்களே, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். கோடியை நான் போட முடியாது. பிறந்த வீட்டார்தான் போட வேண்டும். கருமாதியன்று நீங்கள் வந்து சாப்பிட்டுப் போன அதே வீட்டில்தான் உங்கள் தங்கை இன்னும் இருக்கிறார்.