யூசுப் பாயின் ஜீப்பும் ஒரு சட்டித் தயிரும்

யூசுப் பாய் போய்விட்டார்.

இன்று காலை பழவேற்காட்டில் அடக்கமும் முடிந்துவிட்டதாம். மத்தியானம்தான் எனக்குப் போன் வந்தது... முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு, முன்னாலேயே சொல்லியிருந்தாலும் போயிருக்க முடியாது.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. ஐம்பதுகளின் கடைசியில் கவரைப்பேட்டை பக்கம் நான் மிட்வைஃப். அவர் எங்கள் ஹெல்த் சென்டர் ஜீப் டிரைவர். ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு, ஒரே வாய்க்கொழுப்பு.

அந்த ஜீப்... யுத்தத்தில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்த வண்டி. இறங்கியதும் பல் எல்லாம் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்வேன். சண்டைக்குப் போனால், வண்டி மேல் தப்பில்லை, நர்ஸம்மா வெயிட் கம்மி என்பார்.

பக்கத்துக் கிராமத்தில் ரங்கம்மா என்று ஒரு மாமியார். நிறைய நெல் வயல் உள்ள குடும்பம். மருமகள் கஸ்தூரி நிறைமாசம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், குழந்தை குறுக்கே கிடந்தது. வலி எடுப்பதற்குள் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் ரெண்டு உயிரும் போய்விடும்.

ரங்கம்மா முடியவே முடியாது என்றுவிட்டார். முதல் பிரசவத்துக்கு மாட்டு வண்டியில் கூட்டிப்போய், வழியிலேயே குழந்தை தவறியிருக்கிறது. குலுங்கியதால்தான் போச்சு என்று அவர் முடிவு கட்டியிருந்தார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கத்தியும் பார்த்தேன்.

"உன் வண்டி குதிக்கிற குதியில தயிரே நிக்காது. என் மருமவ வயிறு எப்டி நிக்கும்?" என்று பாயைக் கேட்டார்.

பாய் கோபப்படவில்லை. சரி, ஒரு சட்டி உறைந்த தயிரை எடுத்துக்கொண்டு நீங்களே பின்னால் ஏறுங்கள், களத்துமேட்டைச் சுற்றி வருவோம், தயிர் உடைந்தால் நான் திரும்பிப் போய்விடுகிறேன் என்றார். இந்த மனுஷன் வீராப்புக்கு கஸ்தூரியா பலி?

உடைந்தது... முதல் வரப்பிலேயே.

ரங்கம்மா புடவையில் தயிர், மூக்கில் தயிர், முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த பாய் பிடரியில் தயிர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தப்பு பாயுடையதுதான். கொஞ்ச நாள் முன்புதான் நாலு ஷாக் அப்சார்பரையும் நன்றாக டைட் பண்ணி வைத்திருந்தார். டைட்டாக இருந்தால் வண்டி ஆடாது என்று எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. ஆடாதுதான்... ஆனால் பள்ளத்தில் விழுகிற அடி அத்தனையும் உட்கார்ந்திருப்பவர் இடுப்பில் இறங்கும்.

"இன்னொரு சட்டி எடுத்தாங்கம்மா. இன்னா தப்புன்னு புரிஞ்சிகினேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு அடியில் புகுந்தார்.

அந்த வண்டி ஷாக்கைக் கழற்றி, முழுக்க அமுக்கிப் பிடித்து, ஒரு பக்கம் திருகினால் டைட். மறு பக்கம் திருகினால் லூஸ். நாலையும் ஒரே அளவு லூஸ் பண்ணினார். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார்.

அப்புறம் ரங்கம்மா வீட்டு நெல் மூட்டை ரெண்டைத் தூக்கிப் பின்னால் போட்டார். காலி வண்டிதான் குதிக்கும், பாரம் இருந்தால் அடங்கும் என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை... நர்ஸம்மா வெயிட் கம்மி என்று நான் சொன்னது பொய்யா என்கிற மாதிரி.

நான் திண்ணையில் கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்து, வலி வந்துவிடக் கூடாது என்று வயிற்றின் மேல் கையை வைத்தபடி இருந்தேன்.

ரங்கம்மா அதே தயிர்ப் புடவையோடு மறுபடி ஏறினார். சுற்றி வந்து இறங்கினார். சட்டியில் தயிர் நின்றிருந்தது. ஓரமாக ஒரு கீறல் மட்டும்.

"கீறல் வுட்டுக்குதே..." என்றார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கஸ்தூரிதான் பேசினாள். அதுவரை வாயே திறக்காத பெண்.

"அத்த, நான் ஏறிக்கிறேன். இங்கியே பட்துகினு சாவறதுக்கு அது மேலு."

ரங்கம்மா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். வீட்டில் இருந்த தலையணை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வெளியே வந்தார்.

கவரைப்பேட்டை வரைக்கும் வெறும் வண்டிப் பாதை. அப்புறம் புதுவாயல் வழியாகக் கல்கத்தா ரோடு. ஊர்ந்து ஊர்ந்து போனோம். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். வாய் ஓயாத யூசுப் பாய், மெட்ராஸ் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிடரியில் தயிர் காய்ந்து ஒட்டியிருந்தது, அதைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

ஆபரேஷன். ஆண் குழந்தை. ரெண்டு பேரும் பிழைத்தார்கள்.

அதற்கப்புறம் எந்த கேஸுக்கு வண்டி எடுத்தாலும் பாய் முதலில் கேட்பார்: "நர்ஸம்மா, இன்னிக்கு தயிர் ரோடா, மோர் ரோடா?" மோர் ரோடு என்றால் மூட்டை ஏறும்...

எத்தனையோ வண்டியில் போய்விட்டேன். ஆனால் இந்த இடுப்பு வலி அந்த ஜீப் கொடுத்ததுதான். அதற்காக பாயை நான் கடைசிவரை மன்னிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவேன், சிரிப்பார்.

இன்று போன் செய்தது செல்வம். அன்றைக்குக் குறுக்கே கிடந்த குழந்தை. பேரன் பேத்தி எடுத்துவிட்டான். பாயின் சந்தூக்கைத் தூக்க அவனும் தோள் கொடுத்தானாம்.

"ரோடு ஃபுல்லா பள்ளம் நர்ஸம்மா. மெதுவாத்தான் தூக்கிகினு போனோம். குலுங்கவே வுடல" என்றான்.

அதுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் முடியவில்லை... போனை வைத்துவிட்டேன்.

போய் வாருங்கள், பாய்.