வூட்ல கேட்டுச் சொல்றேன்

என் வீட்டு மாடி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. படியேறும்போதெல்லாம் கூசுகிறது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலை. பழங்குடி மலைக்காரர் என்பதால் எங்கள் டவுனில் யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை. கலெக்டருக்கு மனு எழுத வக்கீலான என்னிடம் வந்தார்.

“இல்லன்னு யாரும் சொல்லலங்க சார். வூட்ல கேட்டுச் சொல்றேன்னு சொல்லிக்கினே அனுப்பிடறாங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “இன்னா அநியாயம்மா இது! ஒருத்தரையும் வுடக்கூடாது” என்று கத்தினேன். அந்தப் பதிலை அவர் சொன்னபடியே மனுவில் எழுதி, இதற்குப் பெயர் தீண்டாமை என்றும் சேர்த்தேன்.

கையெழுத்துப் போட்டவர் தயங்கினார். “சார், உங்க வூட்டு மாடி காலியா இருக்குதுன்னாங்க. எனக்குத் தருவீங்களா?”

தெருவில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. வாய் முந்திக்கொண்டது.

“வூட்ல கேட்டுச் சொல்றேம்மா.”

கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் நான் ஒருவன்தான். அது அவருக்கும் தெரியும்.

அவர் கோபப்படவில்லை. மனுவை மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தார்.

“இதையும் சேத்து எழுதிக்கங்க சார்.”