அக்காவின் குரலில் ஒரு மெஷின்

இன்டர்நெட் கேபிளில் ஓடும் ஐபி போன் மாட்டுவதில் பினாங்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொன்னால் அலட்டல் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஜார்ஜ்டவுனிலிருந்து பாலம் தாண்டி கெப்பாலா பத்தாஸ் போனேன். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் கம்பெனியின் கிளை அங்கே இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கேபிள் இழுத்து எல்லா மேஜைக்கும் போன் வைத்துவிட்டேன்.

மிச்சம் ஒரே வேலை. கிளைக்கு வரும் அழைப்பை இனி மெஷின் எடுக்க வேண்டும். விற்பனைக்கு ஒன்றை அழுத்து, பழுதுக்கு இரண்டை அழுத்து. ஜார்ஜ்டவுனில் இருக்கும் முதலாளியின் உத்தரவு. "மெஷின் எடுத்தா முன் மேஜைக்கு ஆள் வேணாம் லா" என்றும் என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த மேஜையில் ஓர் அக்கா. பல வருடமாகக் கிளையின் போனை எடுப்பவர் அவர்தான். மெஷினில் பேச அவர் குரலையே பதிவு செய்துவிடச் சொல்லியிருந்தார்கள். அதை அவரிடம் போய்க் கேட்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது; கேட்டேன்.

"என் வேலைய எடுக்கறதுக்கு என் குரலேவா தம்பி?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். பிறகு ரிசீவரை எடுத்து, தினமும் பேசுகிற அதே இழுப்பில் ஒரே மூச்சில் பேசி முடித்தார்.

பதிவை ஏற்றிவிட்டு எல்லோரும் எதிர்க் கடைக்குச் சாப்பிடப் போனோம். திரும்பியபோது அக்காவின் போனில் சிவப்பு விளக்கு மினுக்கியது. எந்த எண்ணையும் அழுத்தாதவர்கள் பேசுவது அங்கே பதிவாகும்படி வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, திரும்பவும் கேக்கறேன், லாரி வந்துருச்சா?" முதலாளியின் குரல். "ஒன்னு ரெண்டெல்லாம் அப்புறம் சொல்லுங்க. அக்கா? என்மேல கோபமா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. உடனே என் கைப்பேசியில் முதலாளியைப் பிடித்தேன்.

"மெஷின் கேட்ட நீங்களே அது கூட மல்லுக்கட்டிருக்கீங்க பாஸ். பம்பு நின்னுபோயி வயல்ல நிக்கற ஆளு ஒன்ன ரெண்ட அமுக்கிக்கிட்டு இருப்பானா?"

முதலாளி இறங்கிவந்தார். "சரி, முதல்ல அக்காவுக்கு ரிங் போகட்டும். அவங்க எடுக்கலன்னா மெஷின்."

அதை மாற்றுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாற்றிவிட்டு, சோதித்துப் பார்க்க முதலாளியையே கிளைக்கு அழைக்கச் சொன்னேன். முதல் மணியிலேயே அக்கா ஸ்பீக்கரைத் தட்டினார்.

"இது அக்காவா, மெஷினா?"

"அக்காதான் பாஸ். அடுத்த மாசமும் அக்காதானா?"

நான் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினேன்.

"நீங்கதான்க்கா" என்றார் முதலாளி. "மெஷின் என்னைக் கண்டுக்கவே இல்ல லா."