பெரிய வண்டியின் பிரேக்

பள்ளி வேன் ஓட்டும் ஒருவர், ஆசை ஆசையாய்ப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தார். ஓட்டத்தில் குறையே இல்லை, நிற்பதில்தான் தகராறு. ஒரு மழைநாளில் பிரேக்கை எவ்வளவு மிதித்தும் கேட்காமல் வேலியில் போய் முட்டியதிலிருந்து, அவர் மனைவி அதில் ஏறுவதே இல்லை.

மெக்கானிக்கான மச்சான்தான் வழி சொன்னார். "அதே கம்பெனியோட பெரிய வண்டி பிரேக்கை இதுல போட்டுடுவோம் மாப்ளே. டிஸ்க்கும் பெருசு, பிடிப்பும் ஜாஸ்தி."

எல்லாம் பூட்டியபின் சக்கரம் ஏறவில்லை. புது பிரேக் ரிம்மில் நூலளவு உரசியது. வேன்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. மச்சான் அசரவில்லை. பெரிய வண்டியின் சக்கரங்களையே தேடிக் கொண்டுவந்து மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தன.

காலி மைதானத்தில் பத்து முறை மிதித்துப் பார்த்த பிறகே வேன்காரர் மனைவியைக் கூப்பிட்டார்.

"உங்களை நம்பி இல்ல, எங்கண்ணனை நம்பித்தான் ஏறுறேன்" என்றாள் அவள்.

இரண்டு தெரு தாண்டியதும் ஒரு கிடங்கிலிருந்து லாரி திடீரென்று பின்னோக்கி வந்தது. அவர் மிதித்தார். கார் கோணாமல் லாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

கண்ணை இறுக மூடியிருந்த மனைவி கேட்டாள்: "முட்டிட்டோமா?"

"இல்ல, நின்னுட்டோம்."

அவள் பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். "அப்ப அண்ணன் வீட்டுக்கே விடுங்க. நேர்ல சொல்லணும்."