அய்யாக்குட்டியின் வில்லை

அப்போதெல்லாம் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. கடலில் ஐந்தாறு மைல் தள்ளி நிற்கும்; தோணிகள்தான் போய் மூடைகளை ஏற்றி வரும். தோணி வேலைக்குக் கம்பெனி கொடுத்த, எண் பொறித்த பித்தளை வில்லை வேண்டும். மூன்று நாள் முகம் காட்டாவிட்டால் வில்லையைப் பறித்துவிடுவார்கள். அதனால் ஒருவன் காய்ச்சலில் படுத்தால், வீட்டில் இன்னொருவன் அதே வில்லையோடு போவான். மேஸ்திரிக்கும் இது தெரியும்.

1942இல் அப்படித்தான் காய்ச்சலில் கிடந்த தம்பி அய்யாக்குட்டியின் வில்லையோடு உப்பளத் தொழிலாளி ஆறுமுகநயினார் போனார். கயிறு அறுந்து மூடை விழுந்து அங்கேயே செத்தார்.

நஷ்டஈடு கேட்கப் போன மனைவி சுடலைமாடத்தியிடம் குமாஸ்தா பேரேட்டைக் காட்டினார்.

"அய்யாக்குட்டின்னுல்லா இருக்கு. அவன்தான் உசுரோட நிக்கானே. உன் வீட்டுக்காரன் இங்கன வேலைக்கே வரலியே."

அய்யாக்குட்டி தரையைப் பார்த்தபடி நின்றார். வாய் திறந்தால் வில்லை போய்விடும். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அவர்மேல் அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஆனால் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் மட்டும் என்ன கிழித்திருப்பேன்?

பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகன் காசிலிங்கம் கேட்டான்: "இது எந்தச் சட்டத்துல இருக்கு?"

"படிச்சிட்டு வந்து சொல்லுலே" என்று குமாஸ்தா சிரித்தார்.

"சரி, படிச்சிட்டு வாரேன்."

பயல் சொன்னபடியே செய்தான். சுடலைமாடத்தி உப்பளத்துக்குப் போனாள். காலெல்லாம் வெடித்தும் மகனை அந்தப் பக்கம் வரவிடவில்லை. அவன் டியூஷன் எடுத்தே பி.ஏ. முடித்தான். சென்னை லா காலேஜில் ஒருவேளைச் சாப்பாடு; புத்தகங்களை இரவல் வாங்கி நோட்டில் எழுதிக்கொள்வான். அங்கேதான் தன் அப்பாவின் வழக்குக்குக் கெடு என்றைக்கோ முடிந்துவிட்டது என்று தெரிந்தது. ஊருக்கே திரும்பிவிடப் பெட்டியைக் கட்டிவிட்டானாம். 'துறைமுகத்தில் சாகிறது எங்க ஐயா ஒருத்தர்தானா?' என்று தோன்ற, மறுபடி பிரித்துவிட்டான்.

1949இல் வக்கீலாக ஊர் திரும்பினான். முதலில் வந்தவள் வடிவம்மாள். அவள் புருஷனும் அடுத்தவர் வில்லையில் போய்ச் செத்தவன். இது மேஸ்திரி அறிந்த வழக்கம்தான் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். தோணிக்காரர் ஒருவரும் அசையவில்லை.

ஏழு வருஷமாக அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காத அய்யாக்குட்டி வந்து நின்றார்.

"நான் சொல்லுதேன்."

"வேலை போயிரும், சின்னையா."

"போவட்டும்லே. அந்த வில்லையத் தொட்டாலே கை கூசுது."

விசாரணையன்று வில்லையை மேஜைமேல் வைத்தார்.

"இதைக் கொண்டுபோய்ச் செத்தது எங்கண்ணன் ஆறுமுகநயினார். ஆள் வேறன்னு தெரிஞ்சுதான் மேஸ்திரி தோணியில ஏத்துனாரு."

எழுத்தர் அந்தப் பெயரை எழுதி முடிக்கும்வரை காசிலிங்கம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வடிவம்மாளுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. அய்யாக்குட்டிக்கு வேலை போனது. சேதியைச் சொல்லக் காசிலிங்கம் அம்மாவிடம் ஓடினான். சுடலைமாடத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உலையில் இன்னொரு படி அரிசி போட்டாள்.

"சின்னையாவை எங்கலே விட்டுட்டு வந்த? போய்ச் சாப்பிடக் கூட்டிட்டு வா."