பெரியவள் எடுத்த பிரிவு

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை மேசையில் அமர்வோருக்கு, மாணவரைவிட அவருடைய அக்காவிடமோ அண்ணனிடமோதான் மிகுதியாகப் பேச நேரும். கொல்லிமலையில் தமிழாசிரியையாக ஆண்டுதோறும் அம்மேசையில் அமரும் நான், ஒரே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மேசைக்கும் அவ்வீடு வந்திருக்கும்.

கையெழுத்து மட்டும் அப்பாவுடையது

எங்கள் மலையின் எடப்புளி நாட்டு மிளகு விவசாயி ஒருவர் மகன் குமாரைச் சேர்க்க வந்தார். மூத்தவள் கவிதாவும் உடன் வந்தாள். எங்களிடம் உயிரியல் பிரிவில் படித்து, வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வருபவள். எந்தப் பிரிவு என்று குமாரைக் கேட்டேன். “உயிரியல்தானுங்க டீச்சர், என் நோட்ஸெல்லாம் பத்திரமா இருக்கு,” என்றாள் கவிதா. நான் தந்தையைப் பார்த்தேன். அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

“பெரிய புள்ள எதைச் சொல்லுதோ, அதுல போடறேனுங்க.”

பெல் இல்லாத வீடு

குமாரின் மதிப்பெண் குறையவில்லை, முகக்களைதான் குறைந்தது. பேருந்து நிறுத்தத்தில் பாடக் கேள்வி, மிளகு உலர்த்துகையில் கேள்வி, சோற்றுத் தட்டின் முன்னும் கேள்வி என்று அக்கா அவனை விடவில்லையாம். தங்கை பூங்கொடி அருகிலிருந்து அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒரு மாலை, அனைவரும் சென்றபின்னும் வகுப்பிலேயே அமர்ந்திருந்தவனிடம் காரணம் கேட்டேன்.

“இங்க பெல் அடிச்சா முடிஞ்சுருதுங்க டீச்சர். எங்கூட்டுல பெல்லே இல்லீங்க.”

பூங்கொடியின் முறை

இவ்வாண்டு பூங்கொடி வந்தாள். அவளுக்குப் பின்னால் முழுக் குடும்பமும் வந்தது.

“உயிரியல்,” என்றாள் கவிதா.

“கம்ப்யூட்டர் எடு கண்ணு, இவகிட்ட மாட்டிக்காத,” என்றான் குமார்.

“உயிரியல்ல நீ என்னத்தக் கிழிச்ச?”

“நீ விட்டாத்தான கிழிக்கறதுக்கு?”

தந்தையின் பேனா யாருடைய சொல்லுக்கென்று தெரியாமல் தாளின் மேல் காத்திருந்தது. அது இறங்கிவிட்டால் இரண்டாண்டுக்கு வீட்டில் மறுபேச்சில்லை என்பதைப் பூங்கொடி அறிவாள். மற்றவர்களை அமைதியாக இருக்கச் சொல்லி, அவளைக் கேட்டேன். வணிகவியல் என்றாள். வீட்டில் ஒருவரும் தொடாத பிரிவு. தந்தை பெரியவளைப் பார்க்காமலேயே கையெழுத்திட்டார். ஏன் வணிகவியல் என்று பிறகு தனியே விசாரித்தேன்.

“அதுல இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியாதுங்க டீச்சர்.”

சோளக்காட்டில் ஏறியவள்

சென்ற வாரம் சோளக்காடு நிறுத்தத்தில் பேருந்தேறிய கவிதா என் பக்கத்தில் அமர்ந்தாள். பையிலிருந்து அவள் எடுத்து விரித்தது, பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகம். நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

“சும்மா புரட்டறேனுங்க டீச்சர். அவளுக்கு ஒரு சந்தேகம்னா யாருகிட்டக் கேப்பா?”

பிரிவை மாற்றித் தர நம்மால் இயலும், சக ஆசிரியர்களே; அக்காவை மாற்றித் தர விதிகளில் இடமில்லை.