முதுகுக்குப் பின்னால் ஒரு கை

எண்பதுகளின் நடுவில், நியூசிலாந்தின் ஒக்லாந்து நகருக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், ஒரு கண்காட்சிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கேலிச்சித்திரங்கள். அப்பா யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில், நிலப் பத்திரங்களுக்குக் கையெழுத்து வைக்கும் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். இங்கே வேலை கிடைக்காமல், த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் ஹீட்டருக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

ஒரு படத்தில், பொய்முடி சரிந்த ஊர் நீதவான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வழக்குக் கேட்கிறார். ஒரு கை சட்டப் புத்தகத்தின் மேல். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் நீண்டு, குடியானவன் ஒருவனிடமிருந்து வாத்தை வாங்குகிறது.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “பார் பிள்ளை, வெள்ளைக்காரன்ர ஊரிலையும் உப்பிடி வாங்கிறவங்கள் இருந்திருக்கிறாங்கள்!”

அவர் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தமிழ் கேட்டதும், நல்ல கம்பளிக் கோட் அணிந்த ஒருவர் எங்களிடம் வந்தார்.

“ஐயா, நீங்கள் காணிக் கந்தோர் ஐயா எல்லோ?”

“ஓம். தம்பி ஆர்?”

“நான் இங்க டொக்டர். அப்பான்ர காணி அலுவலா அப்ப உங்களிட்ட எத்தினை தரம் வந்தனான்! கடைசியா ரெண்டு சேவல் கொண்டுவந்த பிறகுதான் கையெழுத்து வைச்சனீங்கள்.”

குத்திக்காட்டவில்லை. ஊர் முகத்தைக் கண்ட மகிழ்ச்சியில், சேர்ந்து சிரிக்கலாம் என்று சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. ஊரில் எங்கள் வீட்டு வாசலில் கட்டுண்டு கிடந்த கோழிகளும், அம்மா வைத்த குழம்பும், காலெலும்புக்காக நான் பிடித்த அடமும் நினைவுக்கு வந்தன. அவை எங்கிருந்து வந்தன என்று நான் கேட்டதேயில்லை. அந்தப் படத்தைத் திரும்பிப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

வெளியே மழை. அவர் விடாப்பிடியாகத் தன் காரில் எங்களை ஏற்றினார். வழிநெடுக “ஐயா, ஐயா” என்று கதைத்துக்கொண்டே வந்தார். முன்சீட்டில் அப்பா இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி இருந்தார்.

அடுத்த கிழமை டொக்டர் விருந்துக்கு அழைத்து போன் எடுத்தார்.

“கால் நோகுது எண்டு சொல்லு,” என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி.

சொன்னேன்.

“எந்தக் கால்? பின்னேரம் வந்து பாக்கட்டோ?”

“வேண்டாம்,” என்று அவசரமாகச் சொல்லி ரிசீவரை வைத்தேன்.